சலவைக்கடையில் அக்காவின் கை

ஜனவரி 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. நானே என் கையால் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே காய்ச்சல், தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும்.

நம்பிக்கை இல்லை என்றால் கையெழுத்தைப் பார். இவ்வளவு கோணலாக எழுத வேறு ஆள் கிடைக்காது. நூலகத்து மாடியில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. மழைக்காலம் முழுக்கக் குடையோடு போய் வந்தேன். நான் ஆயுள் முழுக்க அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மிஷினில் நின்றவன். எத்தனையோ புத்தகங்களுக்கு ஓரம் வெட்டியிருக்கிறேன், ஒன்றையும் படித்ததில்லை. எழுத்து நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்பது மட்டும் தெரியும். இப்போது பஸ்ஸின் நெற்றியைப் படிக்கிறேன். மாத்திரை அட்டையைப் படிக்கிறேன். நேற்று உப்புப் பாக்கெட்டை முன்னும் பின்னும் படித்தேன். உன் அக்கா, "உப்புல என்ன கதையா எழுதியிருக்கு, குடுங்க இங்க" என்று பிடுங்கிக்கொண்டாள்.

போனில் பேசலாமே என்பாய். நீ போனில் "மச்சான்" என்று தொடங்கும்போதே உன் அக்கா வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கழுவத் தொடங்குகிறாள். ஒரு வார்த்தை காதில் விழுவதில்லை. எங்கள் மகள் கல்யாணத்துக்கு நீ வராமல் போய் மூன்று வருடம் ஆகிறது. தாய்மாமன் எங்கே என்று கேட்டவர்களுக்கு எல்லாம் அவள்தான் பதில் சொன்னாள். உனக்குக் கண்காட்சி இருந்தது. எனக்குப் புரிகிறது. அவளுக்குப் புரியவில்லை. உன்னோடு பேச மாட்டேன் என்கிறாள். ஆனால் உன்னைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. அதைக் கேட்கிற காது என்னுடையது. நீங்கள் இருவரும் பேசிக்கொள்கிற வரை எனக்கு நிம்மதி கிடையாது. அதற்காகவும்தான் எழுதப் படித்தேன்.

படிக்கத் தெரியாதவனுக்குப் படம் போதும் என்று இதுவரை நீ வரைந்ததை எல்லாம் அட்டையாக அச்சடித்து அனுப்பினாய். பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம், முடிதிருத்தும் கடை, பழக்கூடை இறக்குகிறவன், எல்லாம் நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கின்றன. ஒன்றிலும் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் சிரிக்க மாட்டார்களா? இனிமேல் படத்தோடு எழுத்தும் அனுப்பு. எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க நாலு சாயங்காலம் ஆனது. அவ்வளவு சந்தோஷம்.

உன் பிரியமுள்ள
மச்சான்


பிப்ரவரி 20

அன்பு மச்சானுக்கு,

வணக்கம். நான் நலம். இடுப்பு வலி மட்டும் பழைய கூட்டாளி மாதிரி கூடவே இருக்கிறது. உங்கள் சளி எப்படி இருக்கிறது? அக்காவின் முழங்கால் எப்படி?

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாதி சந்தோஷத்தில், பாதி எழுத்து புரியாமல். நீங்கள் கேட்டபடி பெரிதாகவே எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் சிரிப்பைக் காலையிலிருந்து மதியம் வரை யாராலும் பிடித்து வைத்திருக்க முடியாது. நான் எதிரில் இருப்பதைப் பார்த்து வரைகிறவன். போட்டோவைப் பார்த்து வரைவதில்லை. நினைவிலிருந்து வரைவதில்லை. ஒரு சட்டைப் பொத்தானைக்கூடப் பார்க்காமல் போட்டதில்லை. "எங்கள் தெருவை எங்களைவிட நன்றாகப் பார்த்தவன் வெளியூர்க்காரன்" என்று இந்த ஊர்ப் பத்திரிகையே எழுதியது. இத்தனை வருடம் இந்த ஊர் என்னை வைத்திருப்பது அந்த ஒரு பேருக்காகத்தான்.

இப்போது நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே இருக்கும் சலவைக்கடையை வரைகிறேன். பெரிய படம். ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. தரை எப்போதும் ஈரம். மிஷின்கள் உறுமிக்கொண்டே இருக்கும். கடைக்கார அம்மா மதியத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிப்பார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை உதவிக்கு வரும் பெண் பிடிப்பாள். என் படத்தில் கடைக்கார அம்மா மட்டும்தான். விரிப்பின் மறுமுனை படத்துக்கு வெளியே போய்விடுகிறது. நான் மூலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வரைகிறேன். அக்டோபர் கடைசியில் கண்காட்சி. கண்காட்சிக் கூடத்து முதலாளி நடுச் சுவரை இந்தப் படத்துக்கென்றே காலியாக வைத்திருக்கிறார்.

இதுவரை வரைந்ததைப் படம் பிடித்துச் சிறிய அட்டையாக அனுப்பியிருக்கிறேன். அக்காவிடம் காட்ட வேண்டாம். அவள் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டு நீங்கள் வேறு பக்கம் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். சளி போய்விட்டது. அக்காவின் முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது, கடைத்தெருவுக்கு நடந்தால் வலிப்பதில்லை. உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கவிழ்த்த கூடையில் உட்கார்ந்தால் இடுப்பு வேறு என்ன செய்யும்?

நீ சொன்னபடி அட்டையைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டீ போட வந்தவள் டப்பாவை எடுக்கவே இல்லை. அன்று சர்க்கரை இல்லாத டீ. குடித்து முடிக்கும்வரை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்ஷீட் மடிக்கிற லட்சணமா இது?" என்றாள் கடைசியில்.

"உன் தம்பி வரைஞ்சது."

"யார் வரைஞ்சா எனக்கென்ன. கட்டைவிரலை உள்ள விட்டுப் பிடிச்சிருக்கா பாருங்க. நாள் பூரா மடிக்கிறவ இப்படிப் பிடிப்பாளா? சாயங்காலம் மணிக்கட்டு கழண்டு விழுந்துடும். பாத்துப் பாத்து வரையிறானாம். எதைப் பாத்தானோ."

அவள் சொன்னதாக எழுத வேண்டாம் என்றாள். ஆனால் எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதத்தான் தெரியும். மாற்றி எழுதுகிற பாடம் இன்னும் வரவில்லை.

இப்போது எனக்கு நடுவில் நின்று தலைவலி. நீ எழுதுகிறாய், அவள் அட்டையோடு பேசுகிறாள். என்னோடு இருவரும் சண்டை போடுகிறீர்கள். ஒரு வரி, "அக்கா, வராமல் போனது தப்பு" என்று எழுதிவிடேன். பெரிய எழுத்தாக எழுது, நான் படித்துக் காட்டுகிறேன்.

உன் பிரியமுள்ள
மச்சான்


ஏப்ரல் 30

அன்பு மச்சானுக்கு,

வணக்கம். நலம். ஒத்தடம் கொடுத்தேன், நன்றி.

அக்காவிடம் சொல்லுங்கள். அல்லது சொல்லாதீர்கள், சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லுங்கள். இந்த ஊரில் இப்படித்தான் மடிக்கிறார்கள். நான் மாதக்கணக்காக அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் ஒரு டீ நேரம் உள்ளங்கை அகல அட்டையைப் பார்த்துவிட்டு என் வேலையில் குற்றம் சொல்கிறாள். சின்ன வயதில் நான் எதை வரைந்து காட்டினாலும், "மாட்டுக்குக் காது எங்க?" என்றுதான் ஆரம்பிப்பாள். மாடு திரும்பி நிற்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏற்க மாட்டாள்.

கைகள் இருக்கும் பகுதியை மட்டும் பெரிதாகப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கட்டும். ஒவ்வொரு விரலும் உள்ளது உள்ளபடி.

அந்த ஒரு வரியை எழுதச் சொல்கிறீர்கள். கண்காட்சியை விட்டு வந்திருக்க முடியாது மச்சான். முடியாததற்கு மன்னிப்புக் கேட்டால் அவளே நம்ப மாட்டாள். அவள் என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாளா?

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்பதைப் பிறகு கேட்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல்.

உன் பெரிய படத்தை உன் அக்கா என் கையிலிருந்தே வாங்கினாள். மூன்று வருடத்தில் உன் பொருள் ஒன்றை அவள் கையால் தொட்டது இதுதான் முதல் தடவை. நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிஷம்கூட அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. பொடி எழுத்துப் படிக்க நான் வைத்திருக்கும் லென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு தன் இடது கையை நீட்டிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க பாருங்க. இது யார் கை?"

பார்த்தேன். அந்த அம்மாவின் இடது கைச் சுண்டுவிரல் மடங்காமல் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. உன் அக்காவின் சுண்டுவிரலும் அப்படித்தான் நிற்கும், உனக்குத் தெரியும். அவள் வளையல் போடும்போதெல்லாம் அந்த விரல் முந்திக்கொண்டு வெளியே வரும். கட்டைவிரலை உள்ளே விட்டுப் பிடிப்பதும் அவள் பழக்கம்தான். நான் இத்தனை நாள் கவனித்ததில்லை.

"கதவுல நசுங்கின விரல் இது. கதவைச் சாத்தினது யாருன்னு கேளுங்க அவனை. அந்த ஊர்க்காரிக்கும் தம்பி இருந்து கதவைச் சாத்தினானாமா?"

லென்ஸை மேஜையில் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு வர நேரமில்ல. என் கையை மட்டும் எடுத்துட்டுப் போய் எவளுக்கோ ஒட்ட வச்சிருக்கான். கேட்டானா என்னை? ஒரு வார்த்தை கேட்டானா?"

அன்று முழுக்க அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே வேலை செய்தாள். டம்ளர் ஒன்று உடைந்தது. அதற்கும் உன்னைத்தான் திட்டினாள்.

பார்த்ததை மட்டும் வரைகிறவன் நீ. இது எப்படி வந்தது? உடனே எழுது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மச்சான்


ஜூலை 15

மாப்பிள்ளைக்கு,

பதில் இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார், பாவம். உடம்புக்கு ஏதாவதா? உன் அக்கா, "அவன் இருக்கானா இல்லையான்னு நான் கேக்கல, தபால் வந்துச்சான்னுதான் கேக்கறேன்" என்கிறாள். காலையிலும் கேட்கிறாள், மதியமும் கேட்கிறாள். இங்கே தபால் ஒரு வேளைதான் வரும்.

கோபமாக இருந்தால் கோபத்தையே எழுது. படிக்கிறேன்.

மச்சான்


ஆகஸ்ட் 3

அன்பு மச்சானுக்கு,

உடம்பு நலம். உங்களை அலைக்கழித்ததற்கு மன்னியுங்கள். அக்காவும் நீங்களும் நன்றாக இருக்க வேண்டும்.

இதை அக்காவிடம் படிக்க வேண்டாம். உங்களுக்கு மட்டும்.

அவள் சொன்னது சரி. அது அவள் கைதான். சத்தியமாக எனக்கே தெரியாது. உங்கள் கடிதம் வந்த அன்று கேன்வாஸ் முன்னால் போய் நின்றேன். அதே வாரம் கடைக்கார அம்மா படத்தைப் பார்க்கவேண்டும் என்று மாடிக்கு வந்தார். வெகுநேரம் பார்த்தார். "மூஞ்சி என்னுது. கை யாரோடது?" என்றார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். "நான் இங்க வெந்து சாகறேன், நீ வேற யாரையோ வேலை செய்ய வச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இப்போது கடைக்குள் என்னை விடுவதில்லை. கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்த கூடையும் நிமிர்ந்துவிட்டது, அதில் துணி இருக்கிறது.

கத்தியால் சுரண்டிவிட்டுக் கைகளை மறுபடி வரைந்தேன். மறுபடியும் அக்கா கை. மறுபடி சுரண்டினேன். கேன்வாஸ் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது. அம்மா விடுதித் துணி துவைத்துக் கொடுத்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அக்காவும்தான் விரிப்புகளை மடிப்போம். எனக்கு எதிரில் தெரிந்தது அந்த இரண்டு கைகள்தான். அவள் முகம் விரிப்புக்குப் பின்னால் இருக்கும். யார் விரிப்பைப் பிடித்தாலும் என் கண் அந்தக் கையைத்தான் பார்க்கிறது போலிருக்கிறது.

இந்த ஒரு படத்தில் மட்டும் என்றால் பரவாயில்லை. பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களை உள்ளபடி வரைந்தவன் என்று பேர் வாங்கியவன் நான். ஊரில் பாதிப் பேருக்கு என் அக்கா கையை மாட்டிவிட்டிருக்கிறேன்.

கூடத்து முதலாளி அவசரப்படுத்துகிறார். எனக்கு யாரிடமாவது போய் நிற்கவேண்டும் போல இருக்கிறது. அவள் முன்னால் வந்து நிற்க மூன்று வருடமாகத் தைரியம் வரவில்லை. வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவாளோ என்று பயம்.

உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். ஒரு காரியம் ஆகிவிட்டது. என்னைத் திட்டு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

உனக்கு ஒன்று தெரியவேண்டும். எனக்கு மனதுக்குள் படிக்க வராது. எழுத்தைக் கூட்டி வாய்விட்டுச் சொன்னால்தான் அது என்ன சொல் என்பதே எனக்குத் தெரியும். என் காது கேட்ட பிறகுதான் என் புத்தி கேட்கிறது. உன் கடிதம் வந்த சந்தோஷத்தில் உட்கார்ந்த இடத்திலேயே பிரித்துவிட்டேன். உன் அக்கா எதிரில் உட்கார்ந்து என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நான், "இ-தை, அக்-கா-வி-டம், ப-டிக்-க, வேண்-டாம்" என்று அழகாக, ஒரு பிழை இல்லாமல் படித்தேன். படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்பது உறைத்தது.

காகிதத்தை மடித்தேன்.

"ஏன் மடிக்கிறீங்க?"

"கண்ணு வலிக்குது."

"இவ்வளவு நேரம் வலிக்கலையா? மேல படிங்க."

"நீயே படிச்சுக்க."

"அவன் கடுதாசியை நான் தொட மாட்டேன். நீங்க பாட்டுக்குப் படிங்க. என் காதுல விழுந்தா விழட்டும்."

நான் என்ன செய்வேன் மாப்பிள்ளை? படித்தேன். டீ நேரத்தில் தொடங்கி விளக்குப் போடும் நேரம் வரை படித்தேன். நான் தடுமாறிய இடத்தில் எல்லாம் அவளே சொல்லை முடித்துக் கொடுத்தாள். விடுதித் துணி பற்றி எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் மட்டும் நான் தடுமாறியும் அவள் உதவவில்லை. நானே கூட்டிக் கூட்டி முடித்தேன்.

பிறகு ஊசி நூலோடு எழுந்து போய்ச் சுவரில் இருந்த அட்டைகள் முன்னால் நின்றாள். "இது என் கை" என்றாள். "இதுவும் என் கை. இது இல்ல. இது என் கை." முடிதிருத்தும் கடைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். "மீசை வச்ச ஆளுக்குமா? கத்தியைப் பிடிச்சிருக்கிற ஆம்பளைக்கு என் கையா?" அதைச் சொல்லும்போது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. என் சட்டையில் பொத்தானைத் தப்பான பக்கம் தைத்துவிட்டாள், அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தப்புப் பொத்தானோடுதான் வகுப்புக்குப் போய் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மச்சான்


செப்டம்பர் 14

மச்சானுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

உங்களை என்ன செய்வது? எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தபோது உங்களால் எனக்கு ஒரு தொந்தரவு உண்டா? கோபமாக இருந்தால் கோபத்தையே எழுது என்றீர்கள், எழுதிவிட்டேன்.

கண்காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது. படத்தில் அந்த அம்மாவுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. சுரண்டிய வெள்ளைதான் இருக்கிறது. கையில்லாத சலவைக்காரியை யார் சுவரில் மாட்டுவார்கள்? கத்தியை எடுத்துக் கேன்வாஸையே கிழித்துவிடலாம் என்று இரண்டு முறை கை போய்விட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லையா? ஒன்றுமேவா?

மாப்பிள்ளை


செப்டம்பர் 30

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன் மச்சானை எழுதச் சொன்னால் உன் கண்காட்சி முடிந்த பிறகுதான் முடிப்பார். அதனால்தான் நான் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை. அவரைத் திட்டி எழுதினாயே, அதையும் அவர் சத்தமாகத்தான் படித்தார். பாவம், தன்னைத் திட்டியிருப்பதைத் தானே கூட்டிக் கூட்டிப் படித்தார். இனி அவரைத் திட்டுவதாக இருந்தால் எனக்கு எழுது.

கல்யாணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சாப்பாடு பரிமாறும் வரை வாசலுக்குப் போய்ப் போய்ப் பார்த்ததைப் பற்றியும் எழுதப் போவதில்லை.

அந்த அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். என் கையைப் போட்டு எனக்கு ஏதோ மரியாதை செய்துவிட்டதாக நினைக்காதே. காலையிலிருந்து ஆவியில் நிற்பது அவள். படத்தில் வேலை செய்வது நான். இது எந்த ஊர் நியாயம்? நாளைக்கு அவள் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்தால், எங்கள் அம்மா கை எங்கே என்று கேட்க மாட்டார்களா? எனக்கே இவ்வளவு கோபம் வந்தது. இத்தனைக்கும் எனக்கு ஒன்றும் குறையவில்லை, ஒரு ஜோடி கை கூடுதலாகத்தான் இருக்கிறது. குறைந்தது அவளுக்கு.

போய் மன்னிப்புக் கேள். கூடையில் உட்கார்ந்துகொண்டு கேட்காதே. உன் புத்தியே இதுதான், எல்லா வீட்டிலும் மூலையில் உட்கார்ந்து பார்ப்பாய். பார்த்தால் போதுமா? எழுந்து போய் விரிப்பின் மறுமுனையைப் பிடி. அந்த உதவிப் பெண்ணை உட்காரச் சொல். என் கை உனக்கு ஏன் மறக்கவில்லை தெரியுமா? எதிர்முனையைப் பிடித்தவன் நீ. ஒழுங்காகப் பிடிக்காமல் அடி வாங்கியவனும் நீ. அவள் கையும் அப்படித்தான் தெரியும்.

இன்னொன்று. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நீ வரைந்திருப்பது என் கையும் இல்லை. அது அந்தக் காலத்துக் கை. இப்போது கணு எல்லாம் தடித்துவிட்டது. மோதிரத்தைக் கழற்ற முடியாமல் தட்டானிடம் போய் வெட்டி எடுத்தோம். நீ போன தடவை வந்தபோதும் இந்தக் கைதான் உனக்குத் தட்டு வைத்தது. நீ தட்டைப் பார்த்தாய். பார்த்ததை மட்டும் வரைகிறவனாம். என் கை எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

போட்டோ அனுப்பச் சொல்லாதே. அனுப்ப மாட்டேன்.

வாசலோடு அனுப்பிவிடுவேன் என்று பயப்படுகிறாயாமே. வாசல் வரைக்கும் வந்து பார், பிறகு பயப்படு.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த இரண்டு சொல்லை எழுதிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் நலம். மச்சானுக்கு என் வணக்கம். அவரைத் திட்டியதற்கு அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன். இதை அவர் சத்தமாகப் படிக்கலாம்.

உன் கடிதம் வந்த மறுநாள் சலவைக்கடைக்குப் போனேன். "துணி எடுக்க வந்தியா, வம்புக்கு வந்தியா?" என்றார் அந்த அம்மா. மடிக்க வந்தேன் என்றேன். அவர் அடுத்த விரிப்பை எடுத்தார். உதவிப் பெண் மட்டும் சிரித்துக்கொண்டு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மிஷினிலிருந்து எடுத்த விரிப்பு அவ்வளவு சூடு என்று எனக்குத் தெரியாது அக்கா. மாதக்கணக்காக அதன் நிறத்தை வரைந்திருக்கிறேன், சூட்டை வரையவில்லை. அவர் ஒரு உதறு உதறினார், என் பக்கத்து இரண்டு மூலையும் கையை விட்டுப் போய்விட்டன. "பிடிக்கத் தெரியாதவனுக்குப் பார்க்க மட்டும் என்ன தெரியும்?" என்றார். ஒரு நாள் முழுக்க அடி வாங்காத குறை. ஒவ்வொரு மடிப்புக்கும் நடந்து போய் என் முனையை அவர் கையில் கொடுக்க வேண்டும். அப்போதெல்லாம் அவர் விரல் என் விரலில் படும். உலர்ந்து, தட்டையாக, மரக்கரண்டி மாதிரி இருக்கும். அவர் கட்டைவிரலை வெளியேதான் வைக்கிறார். நீ சொன்னதுதான் சரி. மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று பளபளவென்று இருக்கிறது. மூலையிலிருந்து பார்த்தபோது அதை வெளிச்சம் என்று நினைத்து வெள்ளைப் புள்ளி வைத்திருந்தேன்.

வாரம் முழுக்க மடித்தேன். பிறகுதான் வரைந்தேன். அவர் மாடிக்கு வந்து படத்துக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தார். "தழும்பு இவ்வளவு அழகு இல்ல" என்றார். போகும்போது, "நாளைக்கு மடிக்க வா" என்றார்.

படம் காயாததால் கண்காட்சிக்குப் போகவில்லை. நடுச் சுவரில் வேறு ஒருவரின் பூஜாடி தொங்கியது. கூடத்து முதலாளி என்னோடு பேசுவதில்லை. அதற்காக நான் தூக்கம் கெடவில்லை, ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

கல்யாணத்துக்கு வந்திருக்க முடியும் அக்கா. வந்திருக்க வேண்டும். முடியாது என்று மச்சானுக்கு எழுதியது பொய்.

ஜனவரி முதல் வாரத்தில் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பிரஷ், பெயிண்ட் எதையும் எடுத்து வரவில்லை. இந்தத் தடவை வேலையாக வரவில்லை, உன்னைப் பார்க்க வருகிறேன். வாசலோடு அனுப்பினாலும் சரி, வாசலில் கொஞ்ச நேரம் நிற்க விடு.

உன் தம்பி


நவம்பர் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீ சுகமாக வந்து சேர வேண்டும். அக்காவுக்கு எழுதிய கடிதத்தை அக்கா என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவள் ஏற்கெனவே படித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும், மடிப்பு கசங்கியிருந்தது. இருந்தாலும் நான் படிக்க வேண்டுமாம், அவள் கேட்க வேண்டுமாம். பொய் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நிறுத்தி, "இன்னொரு தடவை" என்றாள். படித்தேன். "ம், மேல போங்க" என்றாள். அவ்வளவுதான்.

பிரஷ் கொண்டு வராத விஷயத்தில்தான் சண்டை.

"பிரஷ் இல்லாம வந்து இங்க என்ன பண்ணப் போறான்? நாள் பூரா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பானா? எனக்கு வேலை இருக்கு. சும்மா இருக்கிற ஆளை வச்சுக்கிட்டு என்னால முடியாது. எழுதுங்க, கொண்டு வரச் சொல்லி."

"பார்க்கத்தானே வர்றான்" என்றேன்.

"பாக்கட்டும். யாரு வேணாம்னா? பாத்துட்டு அப்புறம் என்ன பண்ணுவான்? உங்களை மாதிரி உப்புப் பாக்கெட் படிப்பானா?"

ஆகவே கொண்டு வந்துவிடு. சின்னப் பெட்டியாக இருந்தால் போதும். அவளை நேரில் கேட்காதே, மாட்டேன் என்பாள். மேஜை மேல் வைத்துவிட்டுச் சும்மா இரு.

உன் அறையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். என் வகுப்புப் புத்தகம் எங்கே போனது என்று தெரியவில்லை. கேட்டால், "தம்பி வர்றப்ப வீடு பள்ளிக்கூடம் மாதிரியா இருக்கணும்?" என்கிறாள். தம்பி என்று சொல்லிவிட்டதை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. நானும் சுட்டிக்காட்டவில்லை.

நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு எப்பங்க இப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை மாப்பிள்ளை. நான் தினமும் பார்க்கிறவன். நீ வந்து பார்த்துச் சொல்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
மச்சான்